படகுக் கணக்கில் விடை 7-ஆ, 9-ஆ? பாய்சான் செயல்முறை, நிபந்தனை எதிர்பார்ப்பு பற்றி ஒரு சந்தேகம்

தங்கச்சிமடம் மாணவி

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கிறேன். நிகழ்தகவுத் தாளுக்காக எங்கள் சார் நம்ம கரைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுத்த கணக்கு இது (பாய்சான் செயல்முறை என்றால் ஒரே சராசரி வீதத்தில், ஒன்றையொன்று சாராமல், எந்த நேரத்திலும் வருவது; எதிர்பார்ப்பு என்றால் சராசரி மதிப்பு):

"ஒரு மீன் இறங்குதளத்துக்கு நாட்டுப்படகுகள் மணிக்கு 6 என்ற வீதத்தில் பாய்சான் செயல்முறையாக வந்து சேர்கின்றன. ஒரு படகில் நண்டு இருப்பதற்கான நிகழ்தகவு 1/3. ஒரு படகில் இருப்பது இன்னொரு படகைச் சார்ந்ததல்ல.
(அ) ஒரு மணி நேரத்தில் நண்டோடு வரும் படகுகளின் எண்ணிக்கை எந்தப் பரவலில் அமையும்?
(ஆ) அந்த ஒரு மணி நேரத்தில் நண்டுப் படகு 3 வந்தது என்று தெரிந்தால், மொத்தம் வந்த படகுகளின் எதிர்பார்ப்பு என்ன?
(இ) ஒரு வியாபாரி ஏதோ ஒரு நேரத்தில் கரைக்கு வந்து நிற்கிறார். அவர் வருவதற்கு முன் கடைசியாக வந்த படகுக்கும், வந்தபின் முதலில் வரும் படகுக்கும் இடையே உள்ள நேரத்தின் எதிர்பார்ப்பு என்ன?"

(அ) போட்டுவிட்டேன், பாய்சான் 2. (ஆ)-வில்தான் விடுதியில் இரண்டு கட்சி. மூன்று படகில் ஒன்றில் நண்டு, நண்டுப் படகு 3, அப்படியென்றால் மொத்தம் 9 என்கிறது ஒரு கட்சி. இன்னொரு கட்சி சூத்திரம் போட்டு 7 என்கிறது. சூத்திரப்படி 7 வருவது எனக்குப் புரிகிறது. 9 ஏன் ஆகாது என்பதைத்தான் யாரிடமும் எடுத்துச் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் கேட்டால் எல்லாரும் 9 என்றுதான் சொல்வார்கள்.

(இ)-க்கு விடைக்குறிப்பில் 20 நிமிடம் என்று இருக்கிறது. மணிக்கு 6 படகு என்றால் இடைவெளி 10 நிமிடம்தானே? யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

மண்டபம் கணிதம்

நல்ல கேள்வி, ம்மா. உங்கள் சார் யோசித்துத்தான் கொடுத்திருக்கிறார். (இ)-யைப் பிறகு பார்ப்போம், முதலில் (அ), (ஆ) இரண்டையும் முடித்துவிடலாம்.

மொத்தப் படகு மொ, நண்டுப் படகு ந, மற்றவை ம. மொ = ந + ம. அடுக்குச் சார்பை எக்ஸ்ப் என்று எழுதுகிறேன். ந, ம இரண்டின் இணைந்த நிகழ்தகவை நேரடியாக எழுதுங்கள். கூட்டுத்தொகை எதுவும் வேண்டாம்:

எக்ஸ்ப்(−6) × 6^மொ / மொ! × மொ! / (ந! ம!) × (1/3)^ந × (2/3)^ம

மொ! மேலும் கீழும் அடிபடுகிறது. 6^மொ என்பதை 6^ந × 6^ம என்று பிரியுங்கள். எக்ஸ்ப்(−6)-ஐ எக்ஸ்ப்(−2) × எக்ஸ்ப்(−4) என்று உடையுங்கள். கிடைப்பது:

[எக்ஸ்ப்(−2) × 2^ந / ந!] × [எக்ஸ்ப்(−4) × 4^ம / ம!]

முதல் அடைப்பில் ந மட்டும் இருக்கிறது, இரண்டாவதில் ம மட்டும். ந பாய்சான் 2, ம பாய்சான் 4, இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. (அ) முடிந்தது, (ஆ)-வும் கூடவே முடிந்துவிட்டது. ம-வுக்கும் ந-வுக்கும் சம்பந்தமே இல்லை என்றால், ந = 3 என்ற செய்தி ம-வைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ம-வின் எதிர்பார்ப்பு பழையபடி 4. மொத்தம் 3 + 4 = 7.

இனி 9. மணிக்கு 6 என்ற வீதத்தைக் கணக்கே உங்கள் கையில் கொடுத்துவிட்டது. 9 சொல்பவர்கள் அந்த 6-ஐ ஓர் இடத்திலாவது பயன்படுத்தினார்களா என்று பாருங்கள். வீதம் 6 இல்லாமல் 600 என்று கொடுத்திருந்தாலும் அவர்கள் 9 என்றே சொல்லியிருப்பார்கள். கொடுத்த தகவலைத் தொடாமல் வந்த விடை அது. 600 என்றால் மற்றப் படகு மட்டும் 400-ஐ ஒட்டி இருக்கும், ந எதுவாக இருந்தாலும் சரி.

நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: சூத்திரத்தைத் தொடுவதற்கு முன், எது உறுதியாகத் தெரிந்தது, எது சமவாய்ப்பு மாறி என்று இரண்டு வரி எழுதுங்கள். நிகழ்தகவில் முக்கால்வாசிச் சண்டை அந்த இரண்டு வரியை எழுதாததால் வருகிறது.

சாயல்குடி

ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறேன். கொள்குறி வினாவில் 7, 9 இரண்டுமே இருக்கும். 9-ஐ வேண்டுமென்றே வைப்பார்கள். வீதம் கொடுத்திருந்தால் ந + (மற்றதன் சராசரி) என்று மனதில் வைத்துக்கொண்டால் போதுமா சார்?

மண்டபம் கணிதம்

மொத்தம் பாய்சான் என்று கொடுத்திருந்தால் போதும். வேறு பரவல் என்றால் போதாது, தம்பி. "மொத்தம் சரியாக 6 படகு" என்று கொடுத்திருந்தால் ந = 3 என்றதும் ம = 3 என்றாகிவிடும். அப்போது விடை 6.

தொண்டிக் கரை

இந்த இடத்தில்தான் எனக்கு உதைக்கிறது. மொத்தம் 6 என்று நிலையாக இருந்தால் ந கூடும்போது ம குறைகிறது. மொத்தம் பாய்சான் ஆனதும் இரண்டுக்கும் உறவே இல்லை. இயற்கணிதம் சரி. ஆனால் ஒரே கூட்டத்தைப் பிரித்த இரண்டு பங்கு எப்படி ஒன்றையொன்று சாராமல் இருக்க முடியும்?

மண்டபம் கணிதம்

இரண்டு எதிரெதிர் இழுப்பு இருக்கிறது. மொத்தம் இவ்வளவுதான் என்று வைத்தால், ஒரு பங்கு கூடினால் மறுபங்கு குறையும். இது எதிர் உறவு. மொத்தமே ஏறி இறங்கினால், நிறையப் படகு வந்த மணி நேரத்தில் நண்டுப் படகும் கூடும், மற்றதும் கூடும். இது நேர் உறவு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு அழகான வாய்ப்பாடு வரும். (1/3)-ஐ ப என்றும் (2/3)-ஐ மீ என்றும் வையுங்கள்.

ந × ம என்பதன் எதிர்பார்ப்பு = ப × மீ × எதிர்பார்ப்பு[மொ(மொ − 1)]. இதிலிருந்து ந, ம இரண்டின் எதிர்பார்ப்புகளின் பெருக்கலைக் கழித்தால் கோவேரியன்ஸ் (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) கிடைக்கும். வேரியன்ஸ் என்பது சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு:

கோவேரியன்ஸ் (ந, ம) = ப × மீ × [மொ-வின் வேரியன்ஸ் − மொ-வின் சராசரி]

மொத்தம் 6 என்று நிலையானால் வேரியன்ஸ் 0, கோவேரியன்ஸ் = (2/9) × (−6) = −4/3. பாய்சானில் வேரியன்ஸும் சராசரியும் சமம், அதனால் 0. வேரியன்ஸ் சராசரியைத் தாண்டினால் கோவேரியன்ஸ் நேர்மறை. இரண்டு இழுப்பும் சரிக்குச் சரி நிற்கும் இடம் பாய்சான்.

தொண்டிக் கரை

புரிந்தது சார். ஆனால் கோவேரியன்ஸ் 0 என்றால் சாராதவை என்று ஆகாதே?

மண்டபம் கணிதம்

ஆகாது. இதே அமைப்பிலேயே எதிர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மொ = 0 அல்லது 2, ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு 1/2 என்று வையுங்கள். சராசரி 1, வேரியன்ஸும் 1. வாய்ப்பாட்டின்படி கோவேரியன்ஸ் 0. ஆனால் ந = 2 வந்துவிட்டால் ம கட்டாயம் 0. இரண்டும் சாராதவை என்று எப்படிச் சொல்வது?

எந்த மொத்தத்துக்கு ந-வும் ம-வும் முழுமையாகச் சாராதவை ஆகும்? பாய்சானுக்கு மட்டும்தான். நிறுவுவதும் எளிது. மொ-வின் நிகழ்தகவுப் பிறப்பாக்கிச் சார்பை 1-ஐ மையமாக வைத்து எழுதுங்கள்: ஜி(உ) = எதிர்பார்ப்பு[(1 + உ)^மொ]. சாராத்தன்மை வேண்டுமென்றால் ஜி(அ + ஆ) = ஜி(அ) × ஜி(ஆ) என்று வந்து நிற்கும். தொடர்ச்சியான சார்புகளில் இதற்கு அடுக்குக்குறிச் சார்பைத் தவிர வேறு தீர்வில்லை, அதாவது எக்ஸ்ப்(லாம்டா × உ). அதுதான் பாய்சானின் பிறப்பாக்கிச் சார்பு.

இதற்குப் பக்கத்திலேயே நம்மவர் ஒருவரின் தேற்றம் இருக்கிறது. புள்ளியியலாளர்கள் சி.ஆர். ராவும் ஹெர்மன் ரூபினும் 1964-ல் சங்க்யா என்ற புள்ளியியல் இதழில் எழுதியது. ஒரு எண்ணிக்கையில் ஒவ்வொன்றும் ஒரு நிகழ்தகவுப்படி சேதமாகிறது, எஞ்சியதை மட்டும் நாம் பார்க்கிறோம் என்று வையுங்கள். சேதமே ஆகவில்லை என்று தெரிந்தாலும், சேதம் ஆனது என்று தெரிந்தாலும், எஞ்சிய எண்ணிக்கையின் பரவல் ஒன்றாகவே இருந்தால் மூல எண்ணிக்கை பாய்சானாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் நிறுவினார்கள். ராவ் 1920-ல் கர்நாடகத்தின் ஹடகளியில் பிறந்து 2023-ல் மறைந்தவர். நம் மாணவர்களுக்கு கிராமர்–ராவ் சமனிலி வழியாக அவர் பெயர் தெரியும். இந்தத் தேற்றமும் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

பாம்பன் வல்லம்

நான் புள்ளியியல் பி.எஸ்சி. முடித்துவிட்டு அப்பாவோடு தொழிலுக்குப் போகிறேன். சார் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எனக்குக் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. 9 சொன்ன பிள்ளைகளை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடக் கூடாது.

நாட்டுப்படகு மணிக்கு 6 என்று ஒரே வீதத்தில் வருவதே கிடையாது. கச்சான் காற்று ஏறினால் தென்கடல் பக்கம் பாதி வல்லம் (நாட்டுப்படகு) இறங்காது. காற்று அடங்கிய நாளில் எல்லாரும் வலை போட்டிருப்பார்கள், எல்லாரும் ஏலம் முடிவதற்குள் கரை சேரப் பார்ப்பார்கள். ஆறு என்பது பல நாளைக் கலந்து எடுத்த சராசரி. ஒரு குறிப்பிட்ட நாளுக்கு அது பொருந்தாது.

கணக்காகவே சொல்கிறேன். நல்ல நாளில் மணிக்கு 10, கெட்ட நாளில் மணிக்கு 2, இரண்டுக்கும் வாய்ப்பு சரிபாதி. சராசரி அதே 6. இப்போது ந = 3 என்று மட்டும் நமக்குச் சேதி வருகிறது. காற்று எப்படி என்று தெரியாது.

நல்ல நாள் என்றால் ந பாய்சான் 10/3. அதில் 3 வருவதற்கு நிகழ்தகவு சுமார் 0.220. கெட்ட நாள் என்றால் ந பாய்சான் 2/3. அதில் 3 வருவதற்குச் சுமார் 0.025. பேயிஸ் தேற்றப்படி, அன்றைக்கு நல்ல நாள் என்பதற்கான நிகழ்தகவு 0.220 / 0.245, அதாவது சுமார் 0.90. மற்றப் படகின் எதிர்பார்ப்பு 0.90 × 20/3 + 0.10 × 4/3, கிட்டத்தட்ட 6.1. மொத்தம் 9.1.

மூன்று நண்டுப் படகு வந்துவிட்டது என்ற சேதியே "இன்றைக்குக் காற்று நல்லாயிருக்கு" என்று சொல்லிவிடுகிறது. தங்கச்சி, உங்கள் வீட்டில் 9 என்று சொல்வார்கள் என்றீர்களே, அவர்கள் மனதில் ஓடுவது இதுதான். அவர்களுக்கு வீதம் தெரிந்த ஒன்று கிடையாது.

மண்டபம் கணிதம்

தம்பி, இந்தத் திரியில் இதுதான் சிறந்த பதிவு. இதை முழுமையாக்கிவிடலாம். வீதத்துக்கு இரண்டு மதிப்பு மட்டும் என்று வைக்காமல், வீதமே காமா பரவலில் வரும் ஒரு சமவாய்ப்பு மாறி என்று வையுங்கள். வடிவ அளவை அ, வீத அளவை ஆ, சராசரி அ/ஆ = 6. ஒரு மணி நேரத்தில் ந நண்டுப் படகைப் பார்த்தபின் வீதத்தின் பரவல் மறுபடியும் காமாதான்: வடிவம் அ + ந, வீத அளவை ஆ + 1/3. ஆகவே:

மொத்தத்தின் எதிர்பார்ப்பு = ந + (2/3) × (அ + ந) / (ஆ + 1/3)

ந = 3 வைத்துப் பாருங்கள். அ, ஆ இரண்டும் 6 : 1 விகிதத்தில் மிகப் பெரிதானால் வீதம் 6-லிருந்து அசையாது, விடை 7-ஐ நெருங்கும். இரண்டும் 0-வை நோக்கிப் போனால், முன்கூட்டி எதுவும் தெரியாது என்று பொருள், விடை 3 + (2/3) × 9 = 9-ஐ நெருங்கும். அ = 2, ஆ = 1/3 என்று நடுவில் வைத்தால் சரியாக 8.

7-க்கும் 9-க்கும் இடையில் இருப்பது வீதத்தைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்பது மட்டுமே. விடுதியில் இரண்டு கட்சியும் இரண்டு வெவ்வேறு கணக்கைப் போட்டிருக்கிறார்கள். தாளில் கேட்டது "வீதம் 6 என்று தெரியும்" என்ற கணக்கு, அதற்கு விடை 7. தேர்வில் அந்த வரியை முதலில் எழுதிவிட்டு 7 போடுங்கள், ம்மா.

சாயல்குடி

கையில் தரவு இருந்தால் பாய்சான் பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது? நேராகக் கை-வர்க்கச் சோதனைக்குப் போய்விடலாமா?

மண்டபம் கணிதம்

அதற்கு முன் ஒரு சின்ன வேலை: வேரியன்ஸைச் சராசரியால் வகுங்கள். 1-ஐ ஒட்டி வந்தால் மேலே போகலாம். பழைய எடுத்துக்காட்டு, போர்ட்கீவிச் 1898-ல் வெளியிட்ட பிரஷ்யக் குதிரைப்படைக் கணக்கு. குதிரை உதைத்து இறந்த வீரர்கள், 10 படைப்பிரிவு, 20 ஆண்டு, ஆக 200 பதிவு. இறப்பே இல்லாதவை 109, ஓர் இறப்பு 65, இரண்டு 22, மூன்று 3, நான்கு 1. மொத்த இறப்பு 122, சராசரி 0.61. வர்க்கங்களைக் கூட்டினால் 196. வேரியன்ஸ் 0.98 − 0.3721, சுமார் 0.608. விகிதம் ஏறக்குறைய 1. பாம்பன் தம்பியின் இரண்டு காற்றுக் கணக்கில் மொ-வின் வேரியன்ஸ் 6 + 16 = 22, விகிதம் 3.7. கரையில் எண்ணிப் பார்த்தால் இப்படித்தான் 1-க்கு மேல் போகும் என்று நினைக்கிறேன்.

கீழக்கரை காக்கா

வேலை முடித்து இப்போதுதான் திரியைப் பார்த்தேன். (இ)-யை யாரும் தொடவில்லையே, நான் எடுத்துக்கொள்கிறேன்.

தங்கச்சி, பாய்சானை ஒதுக்கி வைத்துவிட்டு உச்சிப்புளியில் பஸ்ஸுக்கு நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் 5 நிமிடம், 15 நிமிடம் என்று மாறி மாறி வருகிறது. இடைவெளிகளின் சராசரி 10. நீங்கள் நேரம் பார்க்காமல் போய் நிற்கிறீர்கள். 20 நிமிடத்தில் 15 நிமிடம் பெரிய இடைவெளிக்குச் சொந்தம். அதற்குள் போய் விழுவதற்கு வாய்ப்பு 3/4, சின்னதில் விழ 1/4. நீங்கள் நிற்கும் இடைவெளியின் சராசரி 15 × 3/4 + 5 × 1/4 = 12.5.

பஸ் கம்பெனி இடைவெளிகளை வரிசையாக எண்ணிச் சராசரி எடுக்கிறது. நிற்பவர் நேரத்தின் வழியாக நுழைகிறார், பெரிய இடைவெளி அவரைப் பிடிக்க அதிக வாய்ப்பு. பொதுவாக எழுதினால்:

நிற்பவர் சந்திக்கும் இடைவெளியின் சராசரி = (இடைவெளி வர்க்கத்தின் எதிர்பார்ப்பு) / (இடைவெளியின் எதிர்பார்ப்பு) = சராசரி + வேரியன்ஸ் / சராசரி

சரியாகப் 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் வேரியன்ஸ் 0, விடை 10. பாய்சானில் இடைவெளி அடுக்குக்குறிப் பரவல், சராசரி 10 என்றால் வேரியன்ஸ் 100. விடை 10 + 100/10 = 20.

இன்னொரு வழியாகவும் சரிபார்க்கலாம். அடுக்குக்குறிப் பரவலுக்கு நினைவு கிடையாது. முந்தைய படகு போய் எவ்வளவு நேரமானாலும் அடுத்ததற்கு இன்னும் சராசரி 10 நிமிடம். நேரத்தைப் பின்னோக்கிப் பார்த்தாலும் அதே பேச்சு, கடைசிப் படகு வந்து சராசரி 10 நிமிடம் ஆகியிருக்கும். கூட்டினால் 20.

எக்செல்லில் போட்டுப் பார்க்கலாம். ராண்ட் தரும் எண்ணின் இயல் மடக்கையை −10-ஆல் பெருக்கினால் ஒரு இடைவெளி கிடைக்கும். ராண்ட் 0.5 கொடுத்தால் 6.93 நிமிடம், 0.1 கொடுத்தால் 23.03, 0.9 கொடுத்தால் 1.05. ஒரு பத்தி நிறைய இப்படி இறக்கி, கூட்டிக்கொண்டே போய் வருகை நேரங்களை எழுதுங்கள். பிறகு இடையில் ஏதாவது ஒரு நேரத்தைத் தேர்ந்து அது எந்த இடைவெளியில் விழுகிறது என்று பாருங்கள். எத்தனை முறை 23 மாதிரி நீளமானதில் விழுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால் சந்தேகமே வராது.

ஒரு எச்சரிக்கை. 20 என்ற விடைக்கு, செயல்முறை வெகுநேரமாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கரையில் காலை 5 மணிக்குத்தான் எண்ணத் தொடங்குகிறோம், வியாபாரி 5.10-க்கு வருகிறார் என்றால் பின்பக்கம் 10 நிமிடத்தோடு வெட்டுப்படும். அந்தப் பாதியின் எதிர்பார்ப்பு 10 × (1 − எக்ஸ்ப்(−1)), சுமார் 6.32. மொத்தம் 16.32. சில வினாத்தாளில் தொடக்க நேரம் கொடுத்திருப்பார்கள், அதைப் பார்க்காமல் 20 எழுதக் கூடாது.

தொண்டிக் கரை

காக்கா, இதில் வியாபாரி எப்போது வருகிறார் என்பது படகைச் சார்ந்திருந்தால்? பெரும்பாலும் போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தானே வருகிறார்கள்.

கீழக்கரை காக்கா

அப்போது கணக்கே வேறு. அவர் வரும் நேரம் படகு நேரங்களைச் சாராமல் இருக்க வேண்டும் என்பது "ஏதோ ஒரு நேரத்தில்" என்ற சொல்லுக்குள் இருக்கிறது. படகு வந்தது என்று கேட்டு ஓடி வருபவர் சந்திக்கும் அடுத்த இடைவெளி சாதாரண இடைவெளிதான், 10.

பாம்பன் வல்லம்

காக்கா சொன்ன (இ) கரையில் மீன்பாடு எண்ணுகிறவர்களுக்கு நேரடியாக வேலைக்கு ஆகும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. மண்டபத்தில் அவர்களுடைய மையம் இன்றைக்கும் இருக்கிறது. நாட்டின் கடல் மீன்பிடிப்பை அவர்கள் மதிப்பிடுவது எல்லாப் படகையும் எண்ணி அல்ல. பல கட்டமாக, அடுக்கடுக்காகப் பிரித்து, சமவாய்ப்பு முறையில் மாதிரி எடுத்துத்தான். அங்கே "எந்தப் படகைப் பார்ப்பது" என்பதுதான் உயிர்நாடி.

புதிதாக எண்ண வருகிற மாணவர்கள் ஏதாவது ஒரு நேரத்தில் போய் நின்று அடுத்து வரும் படகைப் பதிவு செய்துவிட்டால் அது சமவாய்ப்பு மாதிரிதானே என்று கேட்பார்கள். கிடையாது. ஒரு மணி நேரத்தில் 6 படகு வருகிறது என்று வையுங்கள். ஐந்து படகு கூட்டமாக 0, 1, 2, 3, 4-ஆம் நிமிடங்களில், ஒரு படகு தனியாக 34-ஆம் நிமிடத்தில். அடுத்த மணியும் இதே மாதிரி. நான் ஏதோ ஒரு நிமிடத்தில் போய் நின்றால், 4-க்கும் 34-க்கும் நடுவில் விழ வாய்ப்பு 30/60. அப்போது கையில் கிடைப்பது அந்தத் தனிப் படகு. படகுகளில் அதன் பங்கு ஆறில் ஒன்று, என் பதிவேட்டில் அதன் பங்கு பாதி. கூட்டத்தின் கடைசிப் படகு அகப்பட வேண்டுமென்றால் நான் 3-க்கும் 4-க்கும் நடுவில் போயிருக்க வேண்டும், வாய்ப்பு 1/60.

தனியாக வருகிற படகு ஏன் தனியாக வருகிறது? தூரமாகப் போயிருக்கும், அல்லது வேறு வலை போட்டிருக்கும். அதன் மீனும் வேறு. பாதிப் பதிவு அதுவாகிப்போனால் மதிப்பீடு முழுக்கச் சாய்ந்துவிடும். அதனால் நேரத்தை வைத்துப் படகைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தொடக்கத்தை மட்டும் சமவாய்ப்பாக வைத்து, அதிலிருந்து வருகிற வரிசையில் மூன்றுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று எண்ணி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் ஒவ்வொரு படகுக்கும் வாய்ப்பு சமம்.

சாயல்குடி

அண்ணே, இதையே ஒரு வினாவாக்கலாம் போலிருக்கிறதே. "நேரப்படி தேர்ந்தெடுத்த படகு தனிப் படகாக இருக்க நிகழ்தகவு என்ன" என்று.

பாம்பன் வல்லம்

தாராளமாக ஆக்குங்கள். கூடவே, "பாய்சான் வருகையில் இந்தச் சாய்வு வருமா" என்றும் ஒரு கிளைக்கேள்வி வையுங்கள். படகின் மீன்பாடு அதற்கு முன்னிருந்த இடைவெளியைச் சாராமல் இருந்தால் வராது. இடைவெளி நீளமாகத்தான் இருக்கும், மீன்பாடு பாதிக்கப்படாது.

தங்கச்சிமடம் மாணவி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. (ஆ)-வுக்கு "வீதம் 6 என்பது தெரிந்தது, ந, ம, மொ சமவாய்ப்பு மாறிகள்" என்று முதல் வரி எழுதிவிட்டு 7 போட்டிருக்கிறேன். விடுதியில் 9 கட்சிக்கு பாம்பன் அண்ணன் சொன்ன காற்றுக் கணக்கையும், சார் காமா பரவலில் அ = 2, ஆ = 1/3 வைத்து 8 கொண்டுவந்ததையும் காட்டினேன். அவர்கள் உடனே அடுத்த கேள்வி கேட்டார்கள்: எதிர்பார்ப்பு 7-லிருந்து 8-க்குத்தான் போகிறது என்றால், வீதம் தெரியாததால் பெரிய வித்தியாசம் என்ன? பரவற்படியை (வேரியன்ஸை) போட்டுப் பார்த்தேன். சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் சார்.

வீதம் 6 என்று தெரிந்தால், ந = 3 கொடுத்தபின் மொத்தத்தின் பரவற்படி ம-வின் பரவற்படியேதான், 4. திட்ட விலக்கம் 2.

வீதம் காமா (2, 1/3) என்றால், ந = 3 பார்த்தபின் அது காமா (5, 2/3). சராசரி 7.5, பரவற்படி 5 / (4/9) = 11.25. ம-வின் பரவற்படி இரண்டு துண்டு. வீதம் இன்னதென்று வைத்தபின் மிஞ்சும் பாய்சான் பரவற்படியின் சராசரி (2/3) × 7.5 = 5. வீதமே அசைவதால் வருவது (4/9) × 11.25 = 5. மொத்தம் 10, திட்ட விலக்கம் 3.16.

மண்டபம் கணிதம்

சரி. முழுப் பரவற்படி விதியை அழகாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். சராசரி 7-லிருந்து 8, பரவற்படி 4-லிருந்து 10. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று உங்கள் தோழிகளிடம் காட்டுங்கள். இதே காமா அமைப்பில் மொ எதிர்ம ஈருறுப்புப் பரவலாக வரும். அதன் வேரியன்ஸ் 6 + 18 = 24. நான் மேலே கொடுத்த கோவேரியன்ஸ் வாய்ப்பாட்டில் அதை இட்டால் (2/9) × 18 = 4 வரும். ந, ம இரண்டையும் வீதத்தின் வழியாக நேரடியாகக் கணக்கிட்டும் அதே 4 வருகிறதா என்று பாருங்கள்: (1/3) × (2/3) × வீதத்தின் வேரியன்ஸ்.

தங்கச்சிமடம் மாணவி

வீதத்தின் வேரியன்ஸ் 2 / (1/9) = 18. (2/9) × 18 = 4. வருகிறது சார்.